பின்னிக் கிடக்கும் இரண்டு சமன்பாடுகளைப் பிரிப்பது எப்படி?

ஒரு பொருளின் மீது செயல்படும் விசை தெரிந்தால் அதன் முடுக்கம் தெரிந்துவிடும் என்பது நியூட்டனின் இரண்டாம் விதி. இடப்பெயர்ச்சியை நேரத்தைப் பொறுத்து இரண்டு முறை வகையிட்டால் கிடைப்பதுதான் முடுக்கம் என்பதால், இயக்கவியலில் நாம் எழுதும் சமன்பாடுகளில் பெரும்பாலானவை இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடுகளாக அமைகின்றன. ஒரே பொருள், ஒரே சுருள்வில் என்றால் அதில் சிக்கல் ஏதும் இல்லை. முடுக்கம் இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதத்திலும் எதிர்த்திசையிலும் இருக்கும். விடை ஒரு கோசைன் சார்பு. மேல்நிலைப் பள்ளி இயற்பியலில் தனிச்சீரிசை இயக்கம் என்று நாம் படித்தது இதைத்தான்.

ஆனால் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருந்தால் நிலைமை மாறிவிடுகிறது. முதல் பொருளின் மீதான விசையைச் சொல்வதற்கு இரண்டாவது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். இரண்டாவது எங்கே இருக்கிறது என்பதோ முதலாவது இதுவரை எப்படி நகர்ந்தது என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு சமன்பாட்டிலும் மற்றதன் மாறி வந்து உட்கார்ந்திருப்பதால் எதையும் தனியாகத் தீர்க்க முடியாது. இத்தகைய பிணைந்த சமன்பாடுகளில் இருக்கும் சிக்கலின் பெரும்பகுதி இயற்கையில் இல்லை, நாம் எவற்றை மாறிகளாகத் தேர்ந்தெடுத்தோம் என்பதில்தான் இருக்கிறது என்பதே இத்துறையின் மிக அழகான செய்தி என்று கருதுகிறேன். அதை எண்களோடு பார்ப்பதே நல்லது.

உராய்வற்ற மேசை ஒன்றில் இரண்டு சிறு வண்டிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றின் நிறையும் 1 கிலோகிராம். முதல் வண்டி இடப்பக்கச் சுவரோடு ஒரு சுருள்வில்லால் இணைக்கப்பட்டுள்ளது. அதன் வில்மாறிலி மீட்டருக்கு 3 நியூட்டன். இரண்டாவது வண்டி முதல் வண்டியோடு மீட்டருக்கு 2 நியூட்டன் வில்மாறிலி கொண்ட இன்னொரு சுருள்வில்லால் இணைக்கப்பட்டுள்ளது. அதன் வலப்பக்கம் எதுவும் இல்லை. சமநிலையிலிருந்து முதல் வண்டி வலப்பக்கம் நகர்ந்த தொலைவை க என்றும், இரண்டாவது வண்டி நகர்ந்த தொலைவை ச என்றும் குறிப்போம்.

முதல் வண்டி க தொலைவு நகர்ந்தால் சுவர்ப்பக்க வில் அதை 3க அளவு விசையோடு பின்னுக்கு இழுக்கும். நடுவில் உள்ள வில் நீண்டிருக்கும் அளவு ச − க. அது முதல் வண்டியை முன்னோக்கி 2(ச − க) விசையோடும், இரண்டாவது வண்டியை அதே அளவு விசையோடு பின்னோக்கியும் இழுக்கும். நிறை 1 என்பதால் விசையும் முடுக்கமும் எண்ணளவில் ஒன்றே. ஆகவே,

க-வின் முடுக்கம் = −5க + 2ச
ச-வின் முடுக்கம் = 2க − 2ச

இரண்டாவது சமன்பாட்டிலிருந்து க-வை ச-வின் மூலம் எழுதி, மேலும் இரண்டு முறை வகையிட்டு, முதல் சமன்பாட்டில் பதிலிட்டால் ச மட்டுமே உள்ள நான்காம் வரிசைச் சமன்பாடு ஒன்று கிடைக்கும். விடை வந்துவிடும் என்றாலும், வண்டிகள் என்ன செய்கின்றன என்பதை அந்த வழி நமக்குக் காட்டுவதில்லை. வேறொரு வழி இருக்கிறது. இரண்டாவது சமன்பாட்டை ஏதோ ஓர் எண்ணால், ப என்று வைத்துக்கொள்வோம், பெருக்கி முதல் சமன்பாட்டோடு கூட்டுவோம்:

(க + ப ச)-வின் முடுக்கம் = (2ப − 5)க + (2 − 2ப)ச

வலப்பக்கமும் க + ப ச என்ற அதே கூட்டின் மடங்காக அமைந்துவிட்டால் நமக்கு வெற்றி; ஏனெனில் அப்போது அந்தக் கூட்டை ஒற்றை மாறியாகக் கருதலாம், அதன் முடுக்கம் அதையே சார்ந்திருக்கும், வேறு எதையும் கேட்காது. அதற்கு ச-வின் கெழு, க-வின் கெழுவைப் போல ப மடங்கு இருக்க வேண்டும். அதாவது 2 − 2ப = ப(2ப − 5). இதைச் சுருக்கினால் 2ப² − 3ப − 2 = 0 என்ற சாதாரண இருபடிச் சமன்பாடு வருகிறது; அதன் தீர்வுகள் 2, −1/2. வகைநுண்கணிதச் சிக்கல் ஒன்று ஒன்பது, பத்தாம் வகுப்பு இயற்கணிதமாக இறங்கி வந்துவிட்டது.

ப = 2 என்று எடுத்தால் க + 2ச என்ற கூட்டு கிடைக்கிறது; அதை ம என்போம். ப = −1/2 என்று எடுத்து, பின்னம் வேண்டாம் என்பதற்காக 2-ஆல் பெருக்கினால் 2க − ச கிடைக்கிறது; அதை ர என்போம். இவற்றின் சமன்பாடுகள்:

ம-வின் முடுக்கம் = −ம
ர-வின் முடுக்கம் = −6ர

பிணைப்பு முழுவதும் அவிழ்ந்துவிட்டது. இப்போது நம் கையில் இருப்பவை இரண்டு தனித்தனித் தனிச்சீரிசை இயக்கங்கள். ஒன்றின் கோண அதிர்வெண் விநாடிக்கு 1 ரேடியன். மற்றதன் கோண அதிர்வெண் √6, அதாவது ஏறத்தாழ 2.45 ரேடியன். முதலாவதன் அலைவுநேரம் 6.28 விநாடி, இரண்டாவதன் அலைவுநேரம் 2.57 விநாடி.

இனித் தொடக்க நிபந்தனைகள். இரண்டாம் வரிசைச் சமன்பாடு ஒவ்வொன்றும் தொடக்க இடம், தொடக்கத் திசைவேகம் என இரண்டு தகவல்களைக் கேட்கும். இரண்டு சமன்பாடுகளுக்கு நான்கு வேண்டும். இரண்டாவது வண்டியை அதன் சமநிலை இடத்திலேயே பிடித்துக்கொண்டு, முதல் வண்டியை மட்டும் 5 சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்த்தி, இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டுவிடுவோம். தொடக்கத்தில் ம = 5, ர = 10; திசைவேகங்கள் சுழி. ந விநாடிகளுக்குப் பிறகு ம = 5 கோசைன்(ந), ர = 10 கோசைன்(√6 ந). பழைய மாறிகளுக்குத் திரும்பினால்,

க = கோசைன்(ந) + 4 கோசைன்(√6 ந)
ச = 2 கோசைன்(ந) − 2 கோசைன்(√6 ந)

ந = 0 என்று இட்டுப் பாருங்கள்: க = 5, ச = 0. √6 ஒரு விகிதமுறா எண் என்பதால் இந்த இரண்டு கோசைன்களும் தொடக்கத்தில் இருந்ததுபோல ஒருசேர உச்சத்தை மறுபடி ஒருபோதும் எட்டுவதில்லை. ஆகவே வண்டிகளின் இயக்கம் எத்தனை காலம் பார்த்தாலும் அப்படியே திரும்ப நிகழாது. வண்டிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது ஒழுங்கற்ற அசைவாகத் தோன்றும். ஆனால் அதற்குள் இருப்பவை மிக ஒழுங்கான இரண்டு அலைவுகள் மட்டுமே.

அந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கவும் முடியும். முதல் வண்டியை 1 சென்டிமீட்டரும் இரண்டாவதை அதே திசையில் 2 சென்டிமீட்டரும் நகர்த்தி விட்டால் ர எப்போதும் சுழியாகவே இருக்கும். இரண்டு வண்டிகளும் 1:2 என்ற விகிதத்தைக் கடைசிவரை காத்துக்கொண்டு மெதுவாக ஒன்றாகச் சென்று வரும். முதலாவதை வலப்பக்கம் 2 சென்டிமீட்டரும் இரண்டாவதை இடப்பக்கம் 1 சென்டிமீட்டரும் நகர்த்தி விட்டால் ம சுழியாகிவிடும். வண்டிகள் எதிரெதிராக வேகமாக அலையும். எல்லா உறுப்புகளும் ஒரே அதிர்வெண்ணில், ஒரே விகிதத்தில் அசையும் இத்தகைய இயக்கத்தை இயல்பு அதிர்வு என்கிறார்கள். ஓர் இயல்பு அதிர்வில் உள்ள ஆற்றல் மற்றொன்றுக்குப் போவதே இல்லை. (1, 2), (2, −1) என்ற இரண்டு விகிதங்களையும் திசைகளாக வரைந்தால் அவை ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதும் தற்செயல் அல்ல: முதல் வண்டியின் சமன்பாட்டில் ச-வின் கெழுவும், இரண்டாவதன் சமன்பாட்டில் க-வின் கெழுவும் ஒரே 2-ஆக இருப்பதன் விளைவு அது. அந்தச் சமச்சீர், நடுவில்லின் இழுப்பு இரு பக்கமும் சமம் என்ற நியூட்டனின் மூன்றாம் விதியிலிருந்து வருகிறது.

இயல்பு அதிர்வுகளுக்கிடையே ஆற்றல் போகாது என்றால், பொருள்களுக்கிடையே அது கைமாறுவது எப்படி? இதற்குச் சிறந்த சான்று, மெல்லிய சுருள்வில்லால் இணைக்கப்பட்ட இரண்டு ஒரே மாதிரியான ஊசல்கள். ஒவ்வொன்றின் நீளமும் 1 மீட்டர் என்றும், வில்மாறிலியை நிறையால் வகுத்தால் 0.5 வருகிறது என்றும் கொள்வோம். இரண்டும் சமமாக இருப்பதால் இங்கே கூட்டுகளைத் தேட வேண்டியதே இல்லை: இரண்டு இடப்பெயர்ச்சிகளின் கூடுதல் ஒன்று, வேறுபாடு மற்றொன்று. இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் ஆடும்போது வில் நீள்வதே இல்லை; கோண அதிர்வெண்ணின் வர்க்கம் 9.8. எதிரெதிராக ஆடும்போது வில்லும் இழுப்பதால் அது 9.8 + 1 = 10.8 ஆகிறது. அதிர்வெண்கள் 3.13, 3.29, வேறுபாடு வெறும் 0.16 ரேடியன். ஓர் ஊசலை மட்டும் இழுத்து விட்டால் இரண்டு இயல்பு அதிர்வுகளும் சம வீச்சோடு தொடங்குகின்றன. ஏறத்தாழ 20 விநாடியில், அதாவது சுமார் பத்து அலைவுகளில், அவற்றின் கட்ட வேறுபாடு அரைச்சுற்றை எட்டுகிறது. முதல் ஊசலில் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, இரண்டாவது ஊசலில் ஒன்றுசேர்கின்றன. முதல் ஊசல் நின்றுபோய் இரண்டாவது முழு வீச்சோடு ஆடுகிறது. இன்னொரு 20 விநாடியில் எல்லாம் தலைகீழாகிறது. ஒலியில் விம்மல் என்று படித்தோமே, அதே கணக்குதான். ஆற்றல் ஊசலிலிருந்து ஊசலுக்குப் போவதாக நம் கண் சொல்கிறது. கணக்கிலோ இரண்டு அதிர்வுகளின் ஆற்றலும் இம்மியளவும் மாறாமல் இருக்கிறது.

மூன்று, நூறு, ஆயிரம் பொருள்கள் என்று போனாலும் முறை இதுவே. கெழுக்களைக் குறி மாற்றி ஓர் அணியாக எழுதினால், நாம் கண்ட 1, 6 என்ற எண்கள் (கோண அதிர்வெண்களின் வர்க்கங்கள்) அந்த அணியின் ஐகன் மதிப்புகள். (1, 2), (2, −1) ஆகியவை ஐகன் வெக்டர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கணிதவியலாளர் லக்ராஞ்சி சிறு அதிர்வுகளுக்கான இந்தப் பொதுக் கோட்பாட்டை அமைத்தபோது, இரண்டு ஐகன் மதிப்புகள் சமமாகிவிட்டால் விடையில் நேரத்தால் பெருக்கப்பட்ட உறுப்பு ஒன்று நுழைந்துவிடும், அதனால் அதிர்வு எல்லையின்றி வளரும் என்று எண்ணினார். சமச்சீரான அணிகளில் அப்படி நடக்காது என்பதை 1858-இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் வையர்ஸ்ட்ராஸ் நிறுவினார். லக்ராஞ்சி போன்ற ஒருவரின் கருத்து ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் நின்றது என்பது, இந்தக் கணிதம் தோன்றும் அளவுக்கு எளிதானதன்று என்பதையே காட்டுகிறது.

இந்தக் கணக்கு நம் எல்லோரையும் நேரடியாகத் தொடும் இடம் ஒன்று உண்டு: கார்பன் டைஆக்சைடு மூலக்கூறு. நடுவில் ஒரு கார்பன் அணு, இருபுறமும் ஆக்சிஜன் அணுக்கள், மூன்றும் ஒரே நேர்கோட்டில். வேதிப்பிணைப்புகளைச் சுருள்வில்களாகக் கருதி, கோட்டின் வழியே மட்டும் அசைவை அனுமதித்தால் மூன்று பிணைந்த சமன்பாடுகள் கிடைக்கும். மூன்று தீர்வுகளில் ஒன்றின் அதிர்வெண் சுழி. அது மூலக்கூறு முழுவதும் அப்படியே நகர்ந்து போவது, அதிர்வே அல்ல. இரண்டாவதில் கார்பன் அசையாமல் நிற்க, ஆக்சிஜன்கள் இரண்டும் ஒருசேர விலகி ஒருசேர நெருங்குகின்றன. மூன்றாவதில் ஆக்சிஜன்கள் இரண்டும் ஒரு பக்கம் போக, கார்பன் எதிர்ப்பக்கம் போகிறது. இங்கே லேசான கார்பனும் அசைவதால் அதிர்வெண் கூடுகிறது. நிறைகளை 16, 12 என்று இட்டால் இந்த இரண்டு அதிர்வெண்களின் விகிதம் 1 + 32/12 என்பதன் வர்க்கமூலம், அதாவது 1.91. வில்மாறிலி எவ்வளவு என்று தெரியாமலேயே, நிறைகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்த எண்ணைச் சொல்லிவிட முடிகிறது.

அளவீடுகள் என்ன சொல்கின்றன? நிறமாலையியலாளர்கள் ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலைகள் அடங்கும் என்ற அலகில் அதிர்வெண்ணைக் குறிப்பார்கள். மூன்றாவது அதிர்வு 2349-இல் இருக்கிறது. இரண்டாவது இருக்க வேண்டிய இடத்திலோ 1285, 1388 என்று இரண்டு கோடுகள் தெரிகின்றன! இதற்கும் காரணம் பிணைப்புதான். மூலக்கூறு வளைந்து நிமிரும் இன்னொரு வகை அதிர்வின் எண் 667. அதன் இருமடங்கான 1334, இரண்டாவது அதிர்வின் எண்ணுக்கு மிக அருகில் விழுவதால் இரண்டும் பிணைந்து, நம் இரு ஊசல்களைப் போலவே, ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் பிரிகின்றன. 1931-இல் இந்த விளக்கத்தை அளித்தவர் இயற்பியலாளர் என்றிக்கோ பெர்மி. இரு கோடுகளின் நடுமதிப்பை எடுத்துக்கொண்டால் அளவிடப்பட்ட விகிதம் சுமார் 1.76. நம் கணக்கு 1.91 என்றது. ஒரு பிணைப்பு நீளும்போது மற்றப் பிணைப்பின் மீதான விசையும் சற்று மாறுகிறது என்பதைச் சமன்பாட்டில் சேர்த்துக்கொண்டால் அந்த இடைவெளி மூடிவிடுகிறது.

இந்த அதிர்வுகளில் எது வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்பதையும் அவற்றின் வடிவமே தீர்மானிக்கிறது. அகச்சிவப்புக் கதிரை ஓர் அதிர்வு உட்கவர வேண்டுமானால் அது நடக்கும்போது மூலக்கூறின் மின் இருமுனைத் திருப்புத்திறன், அதாவது அதன் நேர், எதிர் மின்னூட்டங்கள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதன் அளவு, மாற வேண்டும். ஆக்சிஜன்கள் ஒருசேர விலகி நெருங்கும் அதிர்வில் இரு பக்கமும் எப்போதும் சமம் என்பதால் மாற்றம் இல்லை. அகச்சிவப்பில் அது தெரியாது, 1928-இல் சி. வி. இராமன் கண்டறிந்த ஒளிச்சிதறலில்தான் தெரியும். மற்ற இரண்டும் அகச்சிவப்பை உட்கவர்கின்றன. குறிப்பாக, 667 என்ற வளைவு அதிர்வு 15 மைக்ரோமீட்டர் அலைநீளத்துக்கு நிகரானது. பூமி விண்வெளிக்கு வீசும் வெப்பக் கதிர்கள் வலுவாக இருக்கும் பகுதியில் அது சரியாக அமர்ந்திருக்கிறது. இந்த வாயு வெப்பக் கதிரை உட்கவர்கிறது என்று ஜான் டிண்டால் 1859-இல் சோதனையில் காட்டினார். அது ஏன் என்பதை அணுக்களின் பிணைந்த சமன்பாடுகள் பின்னால் சொல்லின.

இதுவரை உராய்வை ஒதுக்கியே வந்தோம். உராய்வும் காற்றுத்தடையும் சேரும்போது சமன்பாடுகளில் திசைவேகம் நுழைகிறது; இடப்பெயர்ச்சிகளைப் பிரித்த அதே கூட்டுகள் திசைவேகங்களையும் பிரித்துவிடும் என்று உறுதி கூற முடியாது. தைவானில் 508 மீட்டர் உயரமுள்ள தைப்பே 101 கட்டடத்தின் மேல்தளங்களில் 660 டன் எடையுள்ள எஃகு உருண்டை ஒன்று தொங்குகிறது. கட்டடத்தின் ஆட்டத்துக்கு ஒரு சமன்பாடு, உருண்டையின் ஆட்டத்துக்கு ஒரு சமன்பாடு. உருண்டையின் அலைவுநேரம் கட்டடத்தின் அலைவுநேரமான சுமார் 7 விநாடிக்கு இசைவாக அமைக்கப்பட்டுள்ளது. காற்று கட்டடத்தை ஆட்டும்போது, இரு ஊசல்களில் பார்த்ததுபோல, ஆற்றல் உருண்டைக்குப் போகிறது. அங்கே பொருத்தப்பட்ட எண்ணெய்த் தணிப்பான்கள் அதை வெப்பமாக்கிவிடுவதால் அது திரும்பி வருவதில்லை. 2015 ஆகஸ்டில் சௌடெலோர் சூறாவளியின்போது அந்த உருண்டை 1 மீட்டர் வரை நகர்ந்தது. தணிப்பு உருண்டையின் பக்கம் மட்டும் குவிந்திருப்பதால் இங்கே எளிய கூட்டுகள் உதவாது. திசைவேகங்களையும் தனி மாறிகளாகக் கருதி, இரண்டு இரண்டாம் வரிசைச் சமன்பாடுகளை நான்கு முதல் வரிசைச் சமன்பாடுகளாக மாற்றி எழுதி, அவற்றின் ஐகன் மதிப்புகளைக் காண வேண்டும்; அவை சிக்கலெண்களாக வரும். ஒவ்வொன்றிலும் கற்பனைப் பகுதி அதிர்வெண்ணையும், மெய்ப்பகுதி அதிர்வு எவ்வளவு விரைவாகத் தணிகிறது என்பதையும் தரும்.

விசை இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதத்தில் இல்லாதபோதுதான் இந்த முறை உண்மையில் கைவிடுகிறது. அப்போது இரண்டு விடைகளைக் கூட்டினால் மூன்றாவது விடை கிடைக்காது; பிரிப்பதற்கு ஏற்ற கூட்டுகளும் பொதுவாக இல்லை. 1950-களில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் பெர்மி, பாஸ்தா, உலாம் ஆகியோர், மேரி ஸிங்கு எழுதிய நிரலைக் கொண்டு, மேனியாக் கணினியில் இதைச் சோதித்தனர். வரிசையாக இணைக்கப்பட்ட துகள்கள், வில்களில் சிறிதளவு நேரியலற்ற, அதாவது நேர்விகிதத்தில் அமையாத, விசை. ஆற்றல் முழுவதையும் முதல் இயல்பு அதிர்வில் மட்டும் கொடுத்துத் தொடங்கினார்கள். காலப்போக்கில் அது எல்லா அதிர்வுகளுக்கும் சமமாகப் பரவும் என்பது எதிர்பார்ப்பு. ஆற்றல் சில அதிர்வுகளுக்குள் மட்டும் பரவி, பிறகு ஏறத்தாழ 97 விழுக்காடு முதல் அதிர்வுக்கே திரும்பி வந்துவிட்டது. 1955-இல் வெளியான அந்த அறிக்கை, நேரியலற்ற அமைப்புகளைக் கணினியால் ஆராயும் ஒரு துறையையே தொடங்கிவைத்தது.

அவர்கள் செய்ததுபோல நேரத்தைச் சிறு படிகளாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் விசையைக் கணித்து, திசைவேகத்தையும் இடத்தையும் புதுப்பித்துச் செல்வதே இன்று பொது வழி. அதிலும் கவனம் தேவை. நம் வண்டிகளுக்கே 0.1 விநாடிப் படியில், பழைய இடத்தையும் பழைய திசைவேகத்தையும் மட்டும் கொண்டு புதியவற்றைக் கணிக்கும் ஆய்லரின் எளிய முறையைப் பயன்படுத்தினால், வேகமான அதிர்வின் ஆற்றல் ஒவ்வொரு படியிலும் 6 விழுக்காடு பொய்யாகக் கூடுகிறது. 100 படிகளில், அதாவது 10 விநாடியில், அது 300 மடங்கைத் தாண்டிவிடும். முதலில் திசைவேகத்தைப் புதுப்பித்து, அந்தப் புதிய திசைவேகத்தைக் கொண்டு இடத்தைப் புதுப்பித்தால், ஒரு வரியின் இடமாற்றத்தால், இந்த வீக்கம் மறைந்து ஆற்றல் சிறு ஏற்ற இறக்கத்தோடு நிலைக்கிறது. ஆனால் படி அளவுக்கு ஒரு வரம்பு உண்டு: படி அளவை மிக வேகமான இயல்பு அதிர்வின் கோண அதிர்வெண்ணால் பெருக்கினால் 2-க்குக் குறைவாக இருக்க வேண்டும். நம் வண்டிகளுக்கு அது 0.8 விநாடி. நடைமுறையில் அதைவிடப் பல மடங்கு சிறிய படியை எடுப்பார்கள்.

புரதங்களின் அசைவைக் கணினியில் உருவகப்படுத்துவோரை அன்றாடம் கட்டுப்படுத்துவது இந்த வரம்புதான். அங்கே மிக வேகமானது ஹைட்ரஜன் அணுவைக் கொண்ட பிணைப்பின் அதிர்வு. கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பில் அதன் அலைவுநேரம் சுமார் 11 பெம்டோவிநாடி (ஒரு பெம்டோவிநாடி என்பது ஒரு விநாடியைப் பத்து கோடி கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு). அதனால் படி அளவு 1 பெம்டோவிநாடிக்கு அருகிலேயே நின்றுவிடுகிறது. அந்தப் பிணைப்புகளின் நீளத்தை மாறாததாக இறுக்கிவிட்டால் வேகமான அதிர்வுகள் கணக்கிலிருந்து நீங்கி, படியை 2 பெம்டோவிநாடியாக்கலாம். அப்படிச் செய்தும், ஒரு புரதத்தின் ஒரு மைக்ரோவிநாடி அசைவைக் காண 50 கோடி படிகள் தேவைப்படுகின்றன.